தண்டு ரேடிக்கலில், கிளை கேட்டயானில்: ஒட்டு கோபாலிமர் செய்முறை

ஒட்டு மாங்கன்றில் வேர் பிடித்த தாய்ச்செடி ஒரு ரகம், அதில் கட்டும் குச்சி வேறொரு ரகம். ஒட்டு கோபாலிமரும் அப்படித்தான். ஒரு மோனோமரால் (பாலிமர் சங்கிலியின் கண்ணியாகும் சிறு மூலக்கூறால்) ஆன நீளமான தண்டு, அதிலிருந்து பிரியும் வேறொரு மோனோமரின் கிளைகள். இரண்டையும் ஒரே வகை வினையால் செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் எல்லா மோனோமரும் எல்லா வழியிலும் போகாது. மெத்தில் மெத்தாக்ரிலேட், நேர்மின் நுனியால் சங்கிலி வளரும் கேட்டயானிக் முறைக்கு மசியாது. ஐசோபியூட்டிலீன், டெட்ராஹைட்ரோஃபியூரான், 2-ஆக்ஸசோலின்கள் ஆகியவை, இணையில்லா எலக்ட்ரானால் சங்கிலி வளரும் ரேடிக்கல் முறையில் பாலிமர் ஆவதில்லை. இந்த இரு கூட்டத்தையும் ஒரே மூலக்கூறில் சேர்க்க வேண்டுமானால் இரண்டு வினைகளையும் அடுத்தடுத்து நடத்த வேண்டும்.

இங்கே விவரிக்கும் உதாரணம்: ஸ்டைரீனும் வினைல்பென்சைல் குளோரைடும் சேர்ந்த தண்டு (ரேடிக்கல்), அதன் குளோரோமெத்தில் இடங்களிலிருந்து வளரும் 2-எத்தில்-2-ஆக்ஸசோலின் கிளைகள் (கேட்டயானிக் வளையத் திறப்பு). தண்டு நீரை வெறுக்கும், கிளை நீரில் கரையும். எனவே கிடைப்பது சோப்புபோல் இரு குணமும் கொண்ட பாலிமர். 2-ஆக்ஸசோலின்கள் இப்படிப் பாலிமராகும் என்பது 1966 வாக்கில், ஒன்றையொன்று சாராத பல குழுக்களால் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளியானது. கடுமையான லூயிஸ் அமிலமோ (எலக்ட்ரான் இணையைப் பற்றும் சேர்மம்) உறைகுளிரோ தேவையில்லை என்பதால், முதல் முறை செய்பவருக்கு இதைவிட இணக்கமான கேட்டயானிக் வினை கிடைப்பது அரிது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் நிறுத்துங்கள். ரேடிக்கல் வினைக்கு எதிரி ஆக்ஸிஜன், நீர் அதற்குப் பொருட்டல்ல. கேட்டயானிக் வினைக்கு எதிரி நீர், மெத்தனால், அமீன் போன்ற நியூக்ளியோஃபைல்கள் (நேர்மின் நுனியைத் தாக்கும் பொருள்கள்). ஆக்ஸிஜன் அதற்குப் பெரிய பொருட்டல்ல. முதல் படியில் நீங்கள் கவலைப்படாமல் பயன்படுத்திய மெத்தனால், இரண்டாம் படியில் கிளைகளைக் கொல்லும். ஒட்டு பிடிக்காத சோதனைகளில் பெரும்பாலானவை இந்த இரு படிகளுக்கும் நடுவிலுள்ள சுத்திகரிப்பில்தான் தோற்கின்றன, வினைகளில் அல்ல. இந்தக் கட்டுரையும் அங்கேதான் அதிகம் நிற்கும்.

பாதுகாப்பு

வினைல்பென்சைல் குளோரைடு கண்ணீர் வரவழைக்கும் பொருள், தோலையும் புண்ணாக்கும். ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் கூண்டுக்கு வெளியே பாட்டிலைத் திறக்கவே கூடாது. கையுறையில் சொட்டினால் உடனே மாற்றுங்கள். ஏ.ஐ.பி.என். (ரேடிக்கல் வினையைத் தொடங்கிவைக்கும் பொருள்) சிதையும்போது நைட்ரஜனோடு நச்சுத்தன்மையுள்ள டெட்ராமெத்தில்சக்சினோநைட்ரைலும் உருவாகிறது, ஆகவே வடிநீரையும் கழிவாகவே கருதுங்கள். கடைசிப் பகுதியின் மாற்று வழியில் வரும் மெத்தில் டோசிலேட், டி.என்.ஏ.வை ஆல்கைலேற்றம் செய்யக்கூடிய வகை. கால்சியம் ஹைட்ரைடு எச்சத்தை நேரடியாகத் தண்ணீரில் கொட்டாதீர்கள். முதலில் ஐசோபுரொப்பனால், பிறகுதான் நீர். முறையான ஆய்வகமும் மேற்பார்வையும் இல்லாத இடத்தில் இதில் எதையும் செய்ய வேண்டாம்.

தண்டு

தேவை: ஸ்டைரீன் 18.75 கிராம் (20.7 மில்லிலிட்டர், 180 மில்லிமோல்), 4-வினைல்பென்சைல் குளோரைடு 3.05 கிராம் (2.8 மில்லிலிட்டர், 20 மில்லிமோல்), ஏ.ஐ.பி.என். 0.328 கிராம் (2 மில்லிமோல்), டொலுயீன் 25 மில்லிலிட்டர்.

இரு மோனோமர்களிலும் தடுப்பான் கலந்தே வரும். கார அலுமினா நிரப்பிய குட்டையான கம்பத்தின் (கண்ணாடிக் குழாயின்) வழியே இறக்கினால் போதும். வடித்தெடுத்த மோனோமரை அன்றே பயன்படுத்துங்கள். ஏ.ஐ.பி.என்.ஐ மெத்தனாலில் மறுபடிகமாக்கும்போது 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் 100 மில்லிலிட்டர் குடுவையில் கரைத்து, ரப்பர் செப்டம் போட்டு, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, ஊசி வழியே நைட்ரஜனை 30 நிமிடம் கரைசலுக்குள் குமிழவிடுங்கள். ஐஸ் எதற்கென்றால், அறை வெப்பத்தில் நைட்ரஜனோடு மோனோமரும் கொஞ்சம் பறந்துபோகும், விகிதம் மாறும். பிறகு 70 டிகிரி எண்ணெய்த் தொட்டியில் 6 மணி நேரம். இந்த வெப்பத்தில் ஏ.ஐ.பி.என்.இன் அரையாயுள் ஏறத்தாழ 5 மணி நேரம், அதனால் மோனோமரில் பாதி அல்லது சற்று அதிகம் மாறியிருக்கும். குடுவையை ஐஸில் அமிழ்த்திக் காற்றைத் திறந்துவிட்டால் வினை நிற்கும்.

முழுவதும் மாறும்வரை ஏன் காத்திருக்கவில்லை? வினைல்பென்சைல் குளோரைடு ஸ்டைரீனைவிடச் சற்று வேகமாகச் சங்கிலியில் சேர்கிறது. தொடக்கத்தில் உருவாகும் சங்கிலிகளில் அது கூடுதலாகவும், கடைசியில் உருவாகும் சங்கிலிகளில் குறைவாகவும் இருக்கும். மாற்றம் 90 சதவீதத்தைத் தாண்டவிட்டால், கிளை இடங்கள் நிறைந்த சங்கிலிகளும் அரிதாகவே இடமுள்ள சங்கிலிகளும் ஒரே பாட்டிலில் கலந்து கிடக்கும். 10 மோல் சதவீதம் ஊட்டினால், பாதி மாற்றத்தில் பாலிமரில் 11 சதவீதம் அளவுக்கு எதிர்பார்க்கலாம். எண்ணிக்கைச் சராசரி மூலக்கூறு எடை 15,000 முதல் 20,000 வரை வரும். அதாவது சங்கிலிக்கு 160 அலகுகள், அதில் கிளைக்கான இடங்கள் 17 அளவில்.

கட்டுப்பாடான நீளம் வேண்டுமென்றால், ரேடிக்கல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ராஃப்ட் முறையோ நைட்ராக்சைடு முறையோ பயன்படுத்தலாம். அதே வகையைச் சேர்ந்த ஏ.டி.ஆர்.பி. வேண்டாம். அந்த வினைக்கு பென்சைல் குளோரைடே தொடக்கி. வினைல்பென்சைல் குளோரைடு அங்கே மோனோமராகவும் தொடக்கியாகவும் இரட்டை வேடம் போட்டு, கிளை கிளையாகப் பிரிந்த மரத்தைத் தந்துவிடும். ராஃப்டிலும் ஒரு சிக்கல் உண்டு. இறுதியில் பிப்பெரிடீனால் வினையை நிறுத்தும்போது, ராஃப்ட் விட்டுச்செல்லும் டிரைதயோகார்பனேட் முனை உடைந்து தயோல் ஆகும், தயோல்கள் இரண்டிரண்டாக இணையும். அந்த முனையை முன்பே நீக்கிவிடுங்கள்.

அளவைப் பெருக்கும்போது கவனம். கரைப்பான் இல்லாமல், பெரிய குடுவையில் இதையே செய்தால், கலவை கெட்டியாகும் கட்டத்தில் வெப்பம் வெளியேற வழியின்றி வினை தானே வேகமெடுக்கும்.

நடுவில் உள்ள வேலை

கரைசலை 20 மில்லிலிட்டர் டொலுயீனால் நீர்க்கச் செய்து, நன்கு கலக்கிக்கொண்டிருக்கும் 500 மில்லிலிட்டர் குளிர்ந்த மெத்தனாலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெள்ளைப் பொடியாக விழ வேண்டும். பிசின்போல் கம்பியில் சுற்றிக்கொண்டால் மிக வேகமாக ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது மெத்தனால் போதவில்லை. வடிகட்டி, மீண்டும் டொலுயீனில் கரைத்து, மீண்டும் மெத்தனாலில். மொத்தம் மூன்று தடவை. இரண்டு போதாதா என்று கேட்பவர்களுக்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, மிஞ்சிய வினைல்பென்சைல் குளோரைடு. அதிலும் குளோரோமெத்தில் இருக்கிறது. அடுத்த படியில் அதிலிருந்தும் ஆக்ஸசோலின் சங்கிலி வளரும், ஆனால் எந்தத் தண்டிலும் ஒட்டாமல். இறுதியில் நீங்கள் அளக்கும் "ஒட்டாத ஹோமோபாலிமர்" பெரும்பாலும் இங்கிருந்து வருவதுதான். இரண்டாவது, மிஞ்சிய ஏ.ஐ.பி.என். 110 டிகிரிக்குப் போனதும் அது சட்டென்று சிதைந்து, தண்டின் மீதே ரேடிக்கல்களை உண்டாக்கும். மூன்றாவது, மெத்தனால்.

இந்த மெத்தனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் எடுக்கப்போவது 1 கிராம் தண்டு, அதில் 1 மில்லிமோல் குளோரோமெத்தில். காய்ந்ததாகத் தோன்றும் பொடியில் எடைக்கு 1 சதவீதம் மெத்தனால் தங்கியிருந்தால் அது 10 மில்லிகிராம், அதாவது 0.31 மில்லிமோல். மூன்றில் ஒரு கிளையின் நுனியை முடித்துவைக்க அது போதும். கரைப்பானை நாள் முழுக்க உலர்த்திவிட்டு, தண்டின் வழியே மெத்தனாலைக் கொண்டுவந்து ஊற்றுவது இந்தத் துறையின் பழைய வேடிக்கை.

எனவே பொடியை 40 டிகிரியில் வெற்றிட அடுப்பில் ஓர் இரவு வையுங்கள். அதற்கு மேல் சூடு வேண்டாம், பென்சைல் குளோரைடு இடங்கள் கெட்டுப்போகும். பிறகு, கிளை வினை நடத்தப்போகும் குடுவையிலேயே உலர்ந்த டொலுயீனில் கரைத்து, வெற்றிடத்தில் டொலுயீனை இழுத்துவிடுங்கள். இதை இரண்டு தடவை செய்தால், டொலுயீன் போகும் வழியில் மெத்தனாலையும் ஈரத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) நிறமாலையில் 3.49 பி.பி.எம். இடத்தில் மெத்தனாலின் கூர்முனை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி.

அதே என்.எம்.ஆரில் கிளை இடங்களையும் எண்ணிவிடலாம். 4.5 பி.பி.எம். அகன்ற முகடு குளோரோமெத்திலின் இரு ஹைட்ரஜன்கள். 6.2 முதல் 7.3 வரை அரோமாட்டிக் ஹைட்ரஜன்கள்: ஸ்டைரீனுக்கு ஐந்து, மற்றதற்கு நான்கு. அரோமாட்டிக் பரப்பை 100 என்று வைத்து, 4.5 முகட்டின் பரப்பு 4.5 என்று வந்தால், வினைல்பென்சைல் குளோரைடு அலகுகள் 4.5 வகுத்தல் 2, அதாவது 2.25. ஸ்டைரீன் அலகுகள், 100இலிருந்து நான்கு மடங்கு 2.25ஐக் கழித்து ஐந்தால் வகுத்தது, அதாவது 18.2. பங்கு 2.25 வகுத்தல் 20.45, சரியாக 11 சதவீதம். ஒரு அலகின் சராசரி எடை 109.5, ஆகவே கிராமுக்கு 1.0 மில்லிமோல் குளோரோமெத்தில். இதில் ஒரு பொறி உண்டு. டியூட்டரேற்றப்பட்ட குளோரோஃபாமின் எச்ச முகடு 7.26இல் அரோமாட்டிக் பகுதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நீர்த்த மாதிரி என்றால் அது கணக்கைக் கெடுக்கும். டியூட்டரேற்றப்பட்ட டைகுளோரோமீத்தேனில் எடுத்தால் எச்சம் 5.3 பக்கம் ஒதுங்கிவிடும். 5 முதல் 6 பி.பி.எம். வரையில் கூரிய வினைல் முகடுகள் தெரிந்தால் மோனோமர் இன்னும் போகவில்லை. நான்காவது தடவை வீழ்படிவாக்குங்கள்.

கிளை

தேவை: மேற்படி தண்டு 1.0 கிராம், 2-எத்தில்-2-ஆக்ஸசோலின் 1.98 கிராம் (20 மில்லிமோல்), பொட்டாசியம் அயோடைடு 0.20 கிராம் (1.2 மில்லிமோல்), பென்சோநைட்ரைல் 5 மில்லிலிட்டர், இறுதியில் பிப்பெரிடீன் 0.5 மில்லிலிட்டர்.

ஆக்ஸசோலின் வேலைக்கு வழக்கமான கரைப்பான் அசிட்டோநைட்ரைல். இங்கே அது உதவாது, பாலிஸ்டைரீன் தண்டு அதில் கரையாது. கரையாத தண்டில் வெளியே தெரியும் இடங்கள் மட்டும் வினைபுரிந்து, சில சங்கிலிகள் அடர்ந்தும் சில மொட்டையாகவும் நிற்கும். பென்சோநைட்ரைல் தண்டையும் கரைக்கும், வளரும் அயனிகளையும் தாங்கும், கொதிநிலையும் 191 டிகிரி. கால்சியம் ஹைட்ரைடு மேல் கலக்கி, குறைந்த அழுத்தத்தில் வடியுங்கள். மோனோமரின் கொதிநிலை 128 டிகிரி, அதையும் கால்சியம் ஹைட்ரைடு மேல் நைட்ரஜனில் வடிக்கலாம். பொட்டாசியம் அயோடைடை அரைத்து, 120 டிகிரியில் வெற்றிடத்தில் ஓர் இரவு உலர்த்துங்கள். மஞ்சள் நிறம் ஏறிய பழைய உப்பை ஒதுக்குங்கள்.

கார்ல் ஃபிஷர் கருவி இருந்தால் கரைப்பானின் நீரை அளந்துவிடுங்கள். 5 மில்லிலிட்டரில் 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) என்றால் 5 மில்லிகிராம், 0.28 மில்லிமோல்: நான்கில் ஒரு கிளைக்குமேல் பாழ். 50 பி.பி.எம். என்றால் நூற்றுக்கு ஒன்றரை. பின்னது ஏற்கக்கூடிய இழப்பு.

அயோடைடு எதற்கு? குளோரைடு மட்டும் இருந்தால் பென்சைல் குளோரைடை ஆக்ஸசோலினின் நைட்ரஜன் தாக்குவது மெதுவாக நடக்கும். தாக்கி உருவான ஆக்ஸசோலினியம் வளையத்தையும் குளோரைடு அயனி திரும்பித் தாக்கித் திறந்து, செயலற்ற சகப்பிணைப்பு நிலைக்குத் தள்ளிவிடும். அயோடைடு இரண்டு வேலை செய்கிறது. குளோரைடை இடம்பெயர்த்து வேகமாக வினைபுரியும் பென்சைல் அயோடைடைத் தருகிறது, விடுபட்ட குளோரைடைக் கரையாத பொட்டாசியம் குளோரைடாக வெளியே இறக்குகிறது. குடுவையின் அடியில் வெண்பொடி படிந்தால் பதற வேண்டாம், அது வர வேண்டியதுதான்.

"கேட்டயானிக் என்றாலே லூயிஸ் அமிலம்தானே, டின் டெட்ராகுளோரைடு போட்டால் வேகமாகாதா?" என்ற எண்ணத்தை இந்தத் தண்டில் செயல்படுத்த வேண்டாம். உருவாகும் பென்சைல் கேட்டயான் மோனோமருக்குக் காத்திராமல் பக்கத்து ஸ்டைரீனின் பென்சீன் வளையத்தையே ஃப்ரீடல்-கிராஃப்ட்ஸ் முறையில் பிடித்துக்கொள்ளும். ஒரு சில நிமிடங்களில் குடுவை முழுக்க ஜெல். இதையே வேண்டுமென்று செய்துதான் ரஷ்ய வேதியியலாளர் வாதிம் தவான்கோவின் மிகைக்குறுக்கிணைப்புப் பாலிஸ்டைரீன் உறிஞ்சிகள் உருவாயின. உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. லூயிஸ் அமில வழிக்கு ஏற்ற தண்டுகள் வேறு. அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கென்னடி, பி.வி.சி.யிலும் குளோரினேற்றிய ரப்பர்களிலும் உள்ள எளிதில் விடுபடும் குளோரின்களை ஆல்கைல் அலுமினியம் சேர்மங்களால் கழற்றி, ஐசோபியூட்டிலீன், ஸ்டைரீன் கிளைகளை வளர்த்தது அந்த வகை.

செய்முறைக்கு வருவோம். டொலுயீனால் உலர்த்திய தண்டு இருக்கும் குடுவையில் நைட்ரஜன் ஓட்டத்தில் அயோடைடைப் போட்டு, பென்சோநைட்ரைலைச் சேர்த்து, தண்டு முழுதும் கரையும்வரை கலக்குங்கள். மோனோமரை ஊசியால் செலுத்துங்கள். குடுவையை அலுமினியத் தாளால் சுற்றுங்கள், பென்சைல் அயோடைடு வெளிச்சத்தில் கெடும். 110 டிகிரியில் வையுங்கள். வெளிர் மஞ்சள் நிறம் இயல்பு. அடர் பழுப்பு என்றால் அயோடின் விடுபடுகிறது, வெளிச்சமோ காற்றோ புகுந்திருக்கிறது.

எவ்வளவு நேரம்? கடிகாரத்தைக் கேட்காதீர்கள், மாதிரியைக் கேளுங்கள். 2, 4, 6 மணி நேரம் கழிந்ததும் இரண்டு சொட்டு எடுத்து என்.எம்.ஆர். பாருங்கள். மோனோமர் வளையத்தின் ஹைட்ரஜன்கள் 4.2, 3.8 பி.பி.எம். இடங்களில். பாலிமர் ஆனதும் நான்கும் 3.4 பக்கம் அகன்ற முகடாகும். பின்னதை மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மாற்றம் கிடைக்கும். 90 சதவீதம் தாண்டியதும் நிறுத்துங்கள். மாலையில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் வந்து பார்ப்பது வசதிதான், ஆனால் இந்த வினையில் அந்த வசதிக்கு விலை உண்டு. மோனோமர் தீர்ந்த பிறகும் நுனிகள் உயிரோடு இருக்கும். பக்கச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனை இழந்து சில நுனிகள் எனமீன் வடிவமாகும். அந்த எனமீன் இன்னொரு உயிருள்ள நுனியைத் தாக்கி இணைத்துக்கொள்ளும். தனிச் சங்கிலியில் இது வெறும் அகலமான பரவல். 17 கிளைகளுள்ள மூலக்கூறிலோ, ஆளுக்கொரு இணைப்பு விழுந்தாலே வலை பின்னிவிடும்.

மாற்றம் போதுமானதும் 60 டிகிரிக்கு இறக்கி, பிப்பெரிடீனைச் சேர்த்து ஓர் இரவு கலக்குங்கள். இப்போது இரவு முழுக்க விடலாம், உயிருள்ள நுனி எதுவும் மிஞ்சாது. வினைபுரியாமல் நின்ற குளோரோமெத்தில் இடங்களையும் இதே பிப்பெரிடீன் மூடிவிடும். கிளை நுனியில் ஹைட்ராக்சில் வேண்டுமென்றால் பிப்பெரிடீனுக்குப் பதில் மெத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு.

பிப்பெரிடீனைச் சேர்க்கும் முன் 0.5 மில்லிலிட்டர் கரைசலைத் தனியே எடுத்து வையுங்கள். ஏன் என்பது சற்றுப் பின்னால்.

கழுவுதல்

உப்புகளை வடிகட்டி, கரைசலைப் பத்து மடங்கு குளிர்ந்த டைஎத்தில் ஈதரில் இறக்குங்கள். பென்சோநைட்ரைலும் மிஞ்சிய மோனோமரும் ஈதரோடு போகும். டைகுளோரோமீத்தேனில் மீண்டும் கரைத்து, பொட்டாசியம் கார்பனேட் பொடியோடு சில மணி நேரம் கலக்கி, வடிகட்டி, மறுபடி ஈதரில். பிரிபுனலில் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். இந்தப் பாலிமரே ஒரு சோப்பு. குலுக்கினால் எழும் பால்போன்ற குழம்பு மறுநாளும் பிரியாமல் நிற்கும்.

ஒட்டாத பாலியாக்ஸசோலின் நீரில் கரையும், எனவே நீரால் பிரித்தெடுக்கலாம் என்று பழைய குறிப்புகளில் பார்க்கலாம். கிளை குட்டையாக இருக்கும்வரை அது சரி. இங்கே எடையில் மூன்றில் இரண்டு பங்கு கிளை. ஒட்டுப் பாலிமரே மைசெல்லாகி (சோப்புபோல் உருண்டு திரண்டு) நீருக்குள் போய்விடும், அதையும் ஹோமோபாலிமர் என்று கணக்கில் எழுதிவிடுவீர்கள். டயாலிசிஸ் நம்பகமானது: மறுஉருவாக்க செல்லுலோஸ் பை, 12,000 முதல் 14,000 வரையிலான வெட்டு எல்லை, வெளியே மெத்தனால், இரண்டு நாள், நான்கு தடவை மாற்றம். 2,000 எடையுள்ள தனிச் சங்கிலிகள் வெளியேறும், 50,000 அளவிலுள்ள ஒட்டுப் பாலிமர் உள்ளே நிற்கும். கிளையே இல்லாத தண்டு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, உலர்ந்த பொடியை 45 டிகிரி சைக்ளோஹெக்சேனில் கலக்குங்கள். அந்த வெப்பத்தில் பாலிஸ்டைரீன் கரையும், பாலியாக்ஸசோலின் கரையாது.

ஒட்டியதா?

முதலில் எளிய சோதனை. 10 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் குளோரோஃபாமில் ஓர் இரவு வைத்து, 0.45 மைக்ரான் வடியில் தள்ளுங்கள். தடையின்றிப் போனால் ஜெல் இல்லை. அடைத்துக்கொண்டால், மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜி.பி.சி. கம்பத்துக்கு அதை அனுப்பவே வேண்டாம்.

ஜி.பி.சி.யை டி.எம்.எஃப். (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பானில், சிறிது லித்தியம் புரோமைடு சேர்த்து ஓட்டுங்கள். டெட்ராஹைட்ரோஃபியூரானில் ஓட்டினால் பாலியாக்ஸசோலின் கம்பத்தில் ஒட்டி, வால் நீண்ட வளைவைத் தரும். தண்டின் முகடு முழுதாக உயர் எடைப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். பழைய இடத்தில் ஒரு தோள்பட்டை நின்றால் கிளையில்லாத தண்டு, தாழ்ந்த எடைப் பக்கம் தனி முகடு என்றால் ஹோமோபாலிமர். பாலிஸ்டைரீன் அளவுகோலில் வரும் எண்ணை உண்மை எடையாக எடுக்காதீர்கள். கிளைகள் நெருங்கிய மூலக்கூறு சுருண்டு சிறிதாகத் தெரியும்.

என்.எம்.ஆரில் 3.4 முகட்டை அரோமாட்டிக் பரப்போடு ஒப்பிட்டால் மொத்தம் எத்தனை ஆக்ஸசோலின் அலகு சேர்ந்தது என்று தெரியும். அத்தனை இடத்திலும் இருபது இருபதாக வளர்ந்ததா, பாதி இடத்தில் மட்டும் நாற்பது நாற்பதாக வளர்ந்ததா என்பது அதில் தெரியாது, இரண்டுக்கும் ஒரே பரப்புதான். 4.5 முகடு மறைந்ததா என்று பார்க்கலாம் என்றால், கிளை முளைத்த பென்சைல் ஹைட்ரஜன்களும் அதே இடத்துக்கு அருகில்தான் வரும். முன்பு எடுத்து வைத்த அரை மில்லிலிட்டர் இதற்குத்தான். அதை ஈதரில் வீழ்படிவாக்கி அகச்சிவப்பு நிறமாலை எடுங்கள். 1265 செ.மீ.⁻¹ இடத்திலுள்ள குளோரோமெத்தில் பட்டை தேய்ந்து, 1640 பக்கம் அமைடு பட்டை எழுந்திருக்க வேண்டும். கார்பன் என்.எம்.ஆரில் குளோரோமெத்தில் 46 பி.பி.எம்., அயோடோமெத்தில் 6 பி.பி.எம். பக்கம். இரண்டுமே இல்லையென்றால் எல்லா இடமும் முளைத்திருக்கின்றன.

குளோரைடு மிஞ்சியிருந்தால், தொடக்கம் மெதுவாகவும் வளர்ச்சி வேகமாகவும் நடந்திருக்கிறது. முந்திக்கொண்ட இடங்களே மோனோமரைத் தின்றுவிட்டன. அடுத்த முறை அயோடைடு மாற்றத்தைத் தனிப் படியாகச் செய்யுங்கள். தண்டை 2-பியூட்டனோனில் கரைத்து, மூன்று மடங்கு சோடியம் அயோடைடு, 60 டிகிரி, இருட்டில் ஒரு நாள். அசிட்டோனில் பாலிஸ்டைரீன் சரியாகக் கரையாது, அதனால்தான் பியூட்டனோன். படிந்த உப்பை வடித்து, மெத்தனாலில் இறக்கி, மெத்தனாலைத் துரத்தும் அதே சடங்கை மீண்டும் செய்யுங்கள்.

எதிர்த் திசை

கிளைகளை முதலில் செய்து, பிறகு தண்டோடு கோக்கவும் முடியும். கிளை நீளம் துல்லியமாக வேண்டியவர்களுக்கு இதுவே மேல், ஏனென்றால் கிளையைத் தனியாக அளந்துவிட்டுத்தான் கோக்கிறீர்கள்.

2-எத்தில்-2-ஆக்ஸசோலின் 4.96 கிராம் (50 மில்லிமோல்), வடித்த மெத்தில் டோசிலேட் 0.466 கிராம் (2.5 மில்லிமோல்), மொத்தக் கன அளவு 12.5 மில்லிலிட்டர் ஆகும்படி உலர்ந்த அசிட்டோநைட்ரைல். 80 டிகிரியில் 3 மணி நேரத்தில் ஏறத்தாழ முடிந்துவிடும். பிறகு மெத்தாக்ரிலிக் அமிலம் 0.32 கிராம், டிரைஎத்திலமீன் 0.51 கிராம், ஹைட்ரோகுயினோன் மோனோமெத்தில் ஈதர் ஒரு சிட்டிகை சேர்த்து அதே வெப்பத்தில் ஓர் இரவு. கார்பாக்சிலேட் அயனி உயிருள்ள நுனியைத் தாக்கி, நுனியில் மெத்தாக்ரிலேட்டை மாட்டிவிடும். ஈதரில் இறக்கினால் கிடைப்பது 2,080 எடையுள்ள மேக்ரோமோனோமர் (தானே ஒரு மோனோமராக வினைபுரியும் சங்கிலி). 6.1 பி.பி.எம். வினைல் ஹைட்ரஜன் ஒன்றை, தொடக்க முனையின் மெத்தில் முகட்டின் (3.0 பி.பி.எம்.) மூன்றில் ஒரு பங்கோடு ஒப்பிடுங்கள். 0.9க்குக் கீழே வந்தால் நீர் புகுந்திருக்கிறது, மேலே போக வேண்டாம்.

மெத்தில் மெத்தாக்ரிலேட் 5.0 கிராம், மேக்ரோமோனோமர் 2.08 கிராம், ஏ.ஐ.பி.என். 41 மில்லிகிராம், டி.எம்.எஃப். 20 மில்லிலிட்டர், நைட்ரஜன் குமிழ்த்து 65 டிகிரியில் 12 மணி நேரம். ஹைட்ரோகுயினோன் சேர்மம் மேக்ரோமோனோமரோடு வந்துவிட்டால் வினை தொடங்கத் தாமதமாகும், ஆகவே ஈதர் வீழ்படிவை இரண்டு தடவை செய்திருக்க வேண்டும். பருத்த மேக்ரோமோனோமரின் நுனி சங்கிலியை எட்டிப் பிடிக்கச் சிரமப்படும், ஒரு பகுதி எப்போதும் மிஞ்சும். விளைபொருளை ஈதரில் இறக்கி, உலர்த்தி, நீரில் கலக்கினால் மிஞ்சியது கரைந்து போகும். இங்கே கிளை எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், முன்பு எச்சரித்த மைசெல் சிக்கல் அவ்வளவாக இல்லை. மேக்ரோமோனோமரின் பங்கை உயர்த்தினால் அதுவும் வந்துவிடும், டயாலிசிஸுக்குத் திரும்புங்கள்.

எந்த வழியில் செய்தாலும் பாலியாக்ஸசோலின் காற்றின் ஈரத்தை இழுக்கும். திறந்த தராசில் எடை ஏறிக்கொண்டே போகும். உலர்கலத்தில் வைத்து, எடுத்தவுடன் எடை போட்டுவிடுங்கள். மிஞ்சிய குளோரோமெத்தில் தண்டைக் குளிர்பெட்டியில் இருட்டில் வையுங்கள். சில மாதம் கழித்து எடுக்கும்போது, டொலுயீனில் தெளிவாகக் கரைகிறதா என்று பார்த்துவிட்டு, 4.5 முகட்டை மறுபடி எண்ணிவிட்டுப் பயன்படுத்துங்கள். அயோடைடாக மாற்றிய தண்டைச் சேமிக்க முயல வேண்டாம், செய்த வாரத்திலேயே தீர்த்துவிடுங்கள்.